மரமும் ஒரு சேமிப்புதான்



குழுவில் மாதாமாதம் சந்தா போடுகிறோம். நம்ம கொல்லையிலும் வரப்பிலும் நிற்கிற மரமும் அப்படி ஒரு சேமிப்புதான். ஆனால் எல்லாச் சேமிப்பையும் ஒரே மரத்தில் வைக்கலாமா?

2018 நவம்பர் 16-ல் அடித்த கஜா புயலை நாம் மறக்க முடியாது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னை, பலா, முந்திரி எல்லாம் ஒரே ராத்திரியில் சாய்ஞ்சு போச்சு. தென்னையை மட்டுமே நம்பிய குடும்பங்களுக்கு வருமானம் நின்றது. கடன் தவணை நிற்கவில்லை. புதிதாக வைக்கும் நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா?

அதனால் பலன் தரும் காலம் பார்த்து, கலந்து மரம் வைப்போம்.

1. உடனடிச் செலவுக்கு: பி.கே.எம்.1 செடிமுருங்கை விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கும். கிளை முறிந்தாலும் மறுபடி துளிர்க்கும்.

2. சில வருடங்களில்: ஒட்டு முந்திரி மூன்றாம் வருடம் முதல் காய்க்கும். சவுக்கை மூன்று முதல் ஐந்து வருடத்தில் வெட்டலாம்.

3. பிள்ளைகள் படிப்பு, கல்யாணத்துக்கு: தேக்கு, வேம்பு. இவை இருபது வருடச் சேமிப்பு. அவசரப்பட்டு வெட்டினால் நஷ்டம்.

நட்டால் மட்டும் போதாது, பிழைக்க வைக்கணும். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் வாங்காரி மாத்தாய் என்ற பெண்மணி 1977-ல் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்கள் நம்மைப் போலவே குழுவாகச் சேர்ந்து நாற்றங்கால் போட்டார்கள். பிழைத்த கன்றுக்குத்தான் அவர்களுக்குப் பணம்! 2004-ல் மாத்தாய்க்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

நாமும் புரட்டாசி, ஐப்பசி மழையோடு நட்டு, ஆடு கடிக்காமல் முள் கட்டி, கோடையில் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றலாம். தமிழக அரசு 2021-22-ல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் விவசாய நிலத்துக்கு இலவசமாகக் கன்று கொடுத்தார்கள். இந்த வருடம் என்ன கிடைக்கும் என்று வேளாண்மை உதவி அலுவலரிடம் கேளுங்கள். எந்த மண்ணுக்கு எந்த மரம் என்று வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. தண்ணி ஊத்துறது நாம. வியாபாரி பணம் எண்ணிக் கொடுக்கறது யார் கையில? விலை பேசும்போது நாமும் பக்கத்துல நிக்கணும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதையும் பேசுங்கள். நம்ம வீட்டில் என்னென்ன மரம், எந்த வருடம் பலன் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மரம் வளர்ப்போம்! வருமானம் காப்போம்!