எல்லாம் பழகிப்போனதா?

வெஸ்ட்லியில் ஒஸ்லோ நகரின் நிலக்கீழ் ரயில் தன் பயணத்தை முடித்துக்கொள்கின்றது. பனிக்கால இரவுகளில் துப்புரவு வேலையும் உணவக வேலையும் முடித்து அங்கு வந்திறங்கும் நம்மவரிடம் சுகம் விசாரித்தால், "எல்லாம் பழகிப்போச்சு" என்ற பதிலையே பெரிதும் கேட்கின்றோம். பழகிப்போதல் உறுதியின் அடையாளந்தானா? எலிகளின் உடலை ஆராய்ந்தோர் இக்கேள்வியைச் சற்றே சிக்கலாக்கியுள்ளனர்.

நெருக்கடி நேரும்போது, சிறுநீரகங்களின் மேலமைந்த அதிரீனல் சுரப்பிகள் ஓர் ஓமோனை இரத்தத்தில் கலக்கின்றன. மனிதரில் அது கோட்டிசோல், எலிகளில் கோட்டிக்கோஸ்தெரோன். கலத்தினுள் புகும் இந்த ஓமோன், வாங்கி எனப்படும் புரதத்துடன் இணைகின்றது. இணைந்த வாங்கி கலத்தின் கருவினுள் சென்று பரம்பரையலகுகளை ஏவியும் அடக்கியும் அழற்சியைத் தணிக்கின்றது. ஓமோன் திறப்பு எனில், வாங்கி பூட்டு.

திறப்பு நிறைய இருந்தும் பூட்டு எளிதில் திறவாத நிலையே ஓமோன் எதிர்ப்பு. கினிப்பன்றிக்கு இது பிறவியிலேயே வாய்த்தது. அதன் இரத்தத்தில் கோட்டிசோல் மிக அதிகம். ஆயினும் வாங்கியில் ஓமோன் பொருந்துமிடத்து அமினோ அமிலங்கள் சில மாறியிருப்பதால் பிணைப்புத் தளர்ந்துள்ளது. ஆகவே அவ்விலங்கு நலமாகவே வாழ்கின்றது.

சுண்டெலிகளின் கதை வேறு. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுண்டெலிகள் கூடி வாழ்ந்த கூட்டினுள் மூர்க்கமான அந்நியச் சுண்டெலி ஒன்றை நாள்தோறும் சில மணிநேரம் விட்டனர். சொந்தக் கூட்டிலேயே தோற்றுப் பணிந்தவற்றின் மண்ணீரற் கலங்கள் ஓமோனுக்குச் செவிசாய்க்க மறுத்தன என்று 2001இல் அறிவித்தனர். காரணம் 2003இல் மேலும் தெளிவாயிற்று: வாங்கி கருவினுள் செல்வது தடைப்பட்டிருந்தது, அழற்சியைத் தூண்டும் புரதம் அடங்கவில்லை. கடியுண்ட காயம் ஆற அவ்வழற்சி முதலில் உதவவுங்கூடும். நீடித்தாலோ அதுவே சுமையாகும்.

சுண்டெலியை மனிதராகக் கொள்வது தவறு. எனினும் இந்நாட்டிலேயே ஒருவர் மனிதரிடத்து இதையொத்த கேள்வியை எழுப்பினார். செக்கோசிலோவாக்கியாவிலிருந்து 1939இல் நோர்வேக்கு அகதியாக வந்த யூத மருத்துவர் லியோ ஐட்டிங்கர், 1943இல் அவுஸ்விற்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு உயிர்மீண்டார். பின்னர் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியரானார். முகாம்களில் மீண்டோரையும் அகதிகளையும் ஆராய்ந்த அவர், துன்பம் ஓய்ந்து பல்லாண்டுகள் கழிந்தும் அதன் தடம் உடலிலும் உள்ளத்திலும் தங்குவதை எடுத்துக்காட்டினார்.

ஆகவே, இரத்தத்தில் ஓமோனின் அளவை மட்டும் பார்த்து உடல் அமைதியுற்றதெனக் கூறிவிட இயலாது. "பழகிப்போச்சு" என்ற சொல்லையும் அவ்வாறே ஏற்க வேண்டியதில்லை. நித்திரையின்மையையும் ஆறாத நோவையும் குடும்ப வைத்தியரிடம் எடுத்துரைப்பது பலவீனமன்று. கலம் கேட்க மறந்ததை, நாமாவது வாய்திறந்து சொல்வோம்.