கடல் கடந்த தோழியுடன் மொழி பழக எந்தச் சாதனம் ஏற்றது?

இருவர் சேர்ந்து மிதிக்கும் இரட்டை இருக்கைச் சைக்கிளுக்கு மேல்நாட்டார் ‘டாண்டம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் மிதித்து, மற்றவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாலும் வண்டி ஓடும். ஆனால் மிதிப்பவர் வெகு சீக்கிரம் களைத்து இறங்கிவிடுவார். 1960-களில் பிரெஞ்சு, ஜெர்மானிய இளைஞர்கள் ஒருவர் மொழியை மற்றவருக்குக் கற்பித்துக்கொண்ட முறைக்கு இந்தச் சைக்கிளின் பெயரே வழங்கலாயிற்று. இதில் ஆசிரியை, மாணவி என்ற வேறுபாடு கிடையாது. ‘என் மொழியை நான் உனக்குத் தருகிறேன், உன் மொழியை நீ எனக்குத் தா’ என்பதே உடன்படிக்கை.

நேரில் சந்திக்க இயலாதவர்கள் என்ன செய்வது? 1990-களில் ஜெர்மனியிலுள்ள போஹும் பல்கலைக்கழகத்தார் இதே முறையை மின்னஞ்சலில் நடத்திக் காட்டினார்கள். 2006-இல் பிரேசிலின் சாவோ பாலோ மாநிலப் பல்கலைக்கழகத்தார், கணினித் திரையில் முகம் பார்த்துப் பேசும் முறையாக இதை வளர்த்தார்கள். இன்று நம் வீட்டுக் கைபேசியிலேயே இவையெல்லாம் அடங்கிவிட்டன. சாதனத்துக்குப் பஞ்சமில்லை, எதை எப்போது கையாள்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

நம்மிடையே பிரெஞ்சு மொழியைப் பாடமாக எடுத்துப் படிக்கும் மாணவிகள் உண்டு. பிரெஞ்சு என்றதும் பாரிஸ் நகரம்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 4,600 கிலோமீட்டர் தொலைவில், இந்தியப் பெருங்கடலில், ரெயூனியன் என்றொரு தீவு இருக்கிறது. 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம். 19-ஆம் நூற்றாண்டில் அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுள் தமிழர் மிகப் பலர். ராமசாமி, வைத்திலிங்கம் போன்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இன்றும் அங்கே குடும்பப் பெயர்களாக வாழ்கின்றன. மொழிதான் வாழவில்லை. கிரியோலும் பிரெஞ்சும் வீட்டுக்குள் வந்து அமர்ந்துகொண்டன. அந்த வம்சத்தில் வந்த இளையவர்களுள் சிலர் இப்போது தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கற்று வருகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு பெண்ணும் நம் பள்ளி மாணவி ஒருத்தியும் மொழித் தோழியரானார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் முதலில் தோன்றும் ஆசை, உடனே வீடியோவில் பேசிவிட வேண்டும் என்பதே. முகம் பார்த்துச் சிரித்து, பெயர் சொல்லி முடிந்ததும் பேச்சு நின்றுவிடும். இருவரும் அரைகுறையாக அறிந்த ஆங்கிலம் உதவிக்கு ஓடிவரும். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் தமிழும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. கூச்சம் மிகுந்த பெண்ணாக இருந்தால் ஐந்தாவது வாரம் அழைப்பையே எடுக்கமாட்டாள். மொழியோடு தோழியும் போய்விடுகிறாள்.

ஆகவே முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குக் கடிதமே ஏற்றது என்பேன். தபாலானாலும் சரி, மின்னஞ்சலானாலும் சரி. பாதிக் கடிதத்தைத் தன் மொழியிலும் பாதியைத் தோழியின் மொழியிலும் எழுத வேண்டும். தன் மொழியில் எழுதிய பாதி தோழிக்கு நல்ல மாதிரியாகிறது. மற்றப் பாதியில் தன் பிழைகள் வெளிப்படுகின்றன. அகராதியைப் புரட்ட அவகாசம் உண்டு. திருத்துபவளும் ஒரு கடிதத்துக்கு நாலைந்து பிழைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சிவப்பு மையால் நிரம்பிய கடிதத்துக்கு யார் பதில் எழுதுவார்?

தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுத வேண்டும். கைபேசியில் ஆங்கில எழுத்தால் தமிழ் எழுதும் பழக்கம் நம்மில் பலருக்கு ஏற்பட்டுவிட்டது. நமக்குள் அது செல்லும். ரெயூனியன் பெண்ணுக்கு அவ்வாறு எழுதினால், பள்ளியில் மணி அடித்ததா, பல்லி மணி அடித்ததா என்று அவள் திகைப்பாள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதானே! சில செயலிகளில் மொழிபெயர்ப்புப் பொத்தானும் இருக்கிறது. அதை ஓயாமல் அழுத்தினால் இரண்டு இயந்திரங்கள் பேசிக்கொள்ளும். தோழியர் இருவரும் வேடிக்கை பார்ப்பார்கள்.

எழுத்து சற்று ஓடத் தொடங்கியதும் குரல் வேண்டும். இங்கே ஒலியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது அவசியம். பழைய வகைத் தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை மட்டுமே கொண்டுசெல்கிறது. ‘ஸ’, ‘ஃப’ போன்ற உரசொலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. பெயரின் எழுத்துகளைத் தொலைபேசியில் சொல்லும்போது ‘எஸ்’ என்பதை மறுமுனையில் ‘எஃப்’ என்று எழுதிக்கொள்வது இதனால்தான். தாய்மொழியில் விட்டுப்போன ஒலியை மனம் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். புது மொழியில் அதற்கு வழியில்லை. இணையம் வழியே பேசும் செயலிகள் பெரும்பாலும் இதைவிட அகன்ற ஒலிப்பரப்பைக் கையாள்கின்றன. ஆதலால் மொழி பழகுவோருக்கு அவையே மேல்.

அவற்றுள்ளும் நேரடி அழைப்பைவிடக் குரல் பதிவை முதலில் கையாள வேண்டும். உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று, பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. புது மொழியில் வினைமுற்றைத் தேடுகிற பெண்ணுக்கு அந்த நேரம் எப்படிப் போதும்? இணைப்பின் தாமதமும் சேர்ந்தால் இருவரும் ஒரே சமயத்தில் பேசுவதும், ஒரே சமயத்தில் நிறுத்துவதுமாக முடியும். ஒரு நிமிடக் குரல் பதிவில் இந்தத் தொல்லையில்லை. மனம் நிறையும் வரை பேசிப் பார்த்துப் பிறகு அனுப்பலாம். தோழி அனுப்பியதைப் பத்து முறை கேட்கலாம்.

வீடியோ அழைப்பின் தனிப்பயன் உதடுதான். 1976-இல் மக்கர்க், மக்டொனால்ட் என்னும் ஆய்வாளர்கள் ஓர் ஒலியைக் காதுக்கும், வேறோர் ஒலிக்குரிய உதட்டசைவைக் கண்ணுக்கும் ஒருசேரக் கொடுத்தார்கள். பலர் இரண்டுமல்லாத மூன்றாவது ஒலியைக் கேட்டதாகக் கூறினர். நாம் கண்ணாலும் கேட்கிறோம் என்பது இதனால் விளங்கும். பிரெஞ்சில் ‘நீ’ என்ற பொருள்தரும் சொல்லில் நம் மொழியில் இல்லாத ஓர் உயிரொலி வருகிறது. நாக்கால் ‘இ’ சொல்லிக்கொண்டே உதட்டை ‘உ’ போலக் குவித்தால் அது பிறக்கும். நம் காதில் அது ‘தூ’ என்றே விழும். ‘எல்லாம்’ என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லும் அப்படியே விழும். உதட்டைப் பார்த்துப் பழகினால் அந்த ஒலி விரைவில் வாய்க்கும். நம் ‘ழ’ அப்படியல்ல. நாக்கு வாய்க்குள் வளைவதை எந்தத் திரையும் காட்டாது. அதற்குக் குரல் பதிவும் பொறுமையுமே துணை.

வீடியோவில் பேசத் தொடங்கிய பின் கடிகாரத்தை நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். இருபது நிமிடம் தமிழ், இருபது நிமிடம் பிரெஞ்சு; ஒன்றில் மற்றொன்றைக் கலக்கலாகாது. பிரேசில் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறையிலும் இது முக்கிய விதி.

எல்லாவற்றையும் ஒரே செயலியில் போட்டு வைப்பதும் சரியன்று. 2003-இல் தோன்றிய ஸ்கைப், மொழி பழகுவோர் பலருக்கு ஆண்டுக்கணக்காக வகுப்பறையாக விளங்கியது. 2025 மே மாதத்தில் அது மூடப்பட்டது. புதுச் சொற்களும் திருத்தங்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தால் எந்த நிறுவனமும் அதை மூட முடியாது.

பெற்றோரின் கவலை நியாயமானது. மொழிப் பரிமாற்றத்துக்கென உள்ள செயலிகளுள் சில, பதினெட்டு வயது நிரம்பியவர்களை மட்டுமே சேர்க்கின்றன. வயதைக் கூட்டிச் சொல்லி உள்ளே நுழைவது அபாயம். அங்கே பேசுபவர் யாரென்று அறிய வழியில்லை. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே வரையறுக்கிறது. இங்குள்ள ஆசிரியையும் அங்குள்ள ஆசிரியையும் தொடர்பு கொண்டு, பெயர்களை இணைத்து, பள்ளி மின்னஞ்சல் வழியே தொடங்குவதே பாதுகாப்பான ஏற்பாடு. வீட்டு முகவரியும் புகைப்படமும் பெரியவர்களுக்குத் தெரியாமல் போகக் கூடாது. வீடியோ அழைப்பைக் கூடத்தில் அமர்ந்து பேசலாம். தாத்தாவோ பாட்டியோ நடுவில் வந்து ஓரிரு வார்த்தை பேசினால் அந்தப் பெண்ணுக்கு வீட்டுத் தமிழும் கிடைக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை ரெயூனியன் நமக்கு வசதி. ஒன்றரை மணி நேரமே பின்தங்கியது; ஆண்டு முழுவதும் அதே வேறுபாடுதான். பாரிஸுடன் என்றால் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி என்று கணக்கு மாறிக்கொண்டிருக்கும். பள்ளி விடுமுறைகளை மட்டும் முன்னதாகக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால், டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி பிற்பகுதி வரை அவர்களுக்குக் கோடை விடுமுறை. நம் மாணவி அரையாண்டுத் தேர்வெழுதி முடித்து ஆவலோடு பதிலை எதிர்பார்க்கும் நாட்களில், தோழி கடற்கரையில் இருக்கக்கூடும்.