மரக்குச்சிக்கு ஓர் இயந்திரம்

பெக்கான் நானாஸ் என்றால் அன்னாசி. ஊர்ப் பெயரிலேயே பழம் இருக்கிறது, அன்னாசிக்கென்று ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. ஆனால் ஸ்கூடாயிலிருந்து பொந்தியானுக்குப் போகும் சாலையில் அமைந்த இந்த ஊர் மலேசியாவின் மரச்சாமான் மாநிலமான ஜொகூருக்குள் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வடமேற்கே மூவார். நாட்டின் மரச்சாமான் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்தே போவதாகத் தொழில்காரர்கள் சொல்வார்கள். கிழக்கே ஜொகூர் பாருவின் அடுக்குமாடிகள். வீட்டுக்கு வீடு சமையலறைக் கேபினட் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவர், பலகைகளைச் சேர்க்கும் மரக்குச்சியைச் செருகித் தரும் டோவல் இயந்திரம் வாங்கலாமா என்று யோசிக்கும் காலம் இது.

யோசிக்க வைப்பது ஆள்கூலிதான். 2022 மே மாதம் 1,500 ரிங்கிட்டான குறைந்தபட்சச் சம்பளம், 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருக்கும் சிறு பட்டறைகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து அதே கணக்கு. வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வரும் தொழிலாளர்களை நம்பிய தொழில் இது. ஆள் அனுமதி தாமதமாகும் மாதங்களில் வேலை அப்படியே நின்றுவிடும்.

இந்தத் தொழிலின் முக்கிய மரம் நம் ஆட்களுக்குப் புதிதல்ல. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் வெட்டி, மங்கில் சொட்டும் பால் குறைந்ததும் ரப்பர் மரத்தைச் சாய்த்துவிடுவார்கள். ஒரு காலத்தில் அது விறகு. ரப்பர் தகட்டைப் புகை போடவும் செங்கல் சூளைக்கும் போனது. வெட்டிய சில நாளிலேயே நீலம் பாய்ந்துவிடும், வண்டும் துளைக்கும், ஆகவே எவரும் அதை மரமாக மதிக்கவில்லை. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகளும் ஆலைகளின் அனுபவமும் சேர்ந்து அதன் தலையெழுத்தை மாற்றின. உடனடியாக அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் வெளிர்நிற, உறுதியான பலகை கிடைத்தது. 1980களில் அது ஏற்றுமதிச் சரக்காகிவிட்டது. 2017 ஜூலையில், உள்ளூர் ஆலைகளுக்கே போதவில்லை என்று அறுத்த ரப்பர் பலகையை வெளிநாட்டுக்கு அனுப்பவே அரசு தடை போட்டது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தின் பிள்ளை, தாத்தா வெட்டிய மரத்தின் வாரிசையே கதவுச் சட்டமாக இழைக்கிறான் என்றால் அதில் மிகையில்லை.

சட்டம் ரப்பர் மரமாக இருந்தாலும் கேபினட்டின் உடல் பெரும்பாலும் பிளைவுட் அல்லது சிப்போர்ட். அதைச் சேர்க்கப் பழைய தச்சரின் துளையும் நாக்கும் உதவாது. திருகாணியை விட்டால் பாக்கியிருப்பவை மூன்று: பசையோடு மரக்குச்சி, அதாவது டோவல், திருப்புளியால் திருப்பினால் இறுகும் கேம் பூட்டு, தடித்த புரியுள்ள கன்ஃபர்மாட் திருகு. சுவிஸ் தச்சர் ஹெர்மன் ஸ்டைனர் 1950களில் கண்டுபிடித்த லாமெல்லோ பிஸ்கட்டும் உண்டு. கையில் செய்யும் தனி வேலைக்கு அது அருமை, வரிசையாக நூறு பெட்டி செய்பவருக்கு அல்ல.

எது வலுவானது என்று எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: பெட்டியை எங்கே பூட்டப் போகிறீர்கள்? பட்டறையிலேயே பூட்டி லோரியில் ஏற்றுவதாக இருந்தால் டோவலுக்கு நிகரில்லை. வெளியே ஆணித்தலை தெரியாது, மூலை அசையாது. பதினான்காவது மாடியில் மின்தூக்கி சின்னதாக இருந்து, பலகையாகவே கொண்டுபோய் அங்கே பூட்ட வேண்டியிருந்தால் கேம் பூட்டுதான் வழி. அங்கேயும் இரண்டு டோவல் பசையில்லாமல் கூடவே போகும். அது இடம் காட்டும், கேம் இறுக்கும். பெட்டி ஏற்றுமதிக்காகப் பிரித்து அடுக்கப்படுவதாக இருந்தாலும் இதே கதைதான். 1956இல் ஐகியாவின் கில்லிஸ் லுண்ட்கிரென் மேசைக் காலைக் கழற்றிக் காருக்குள் அடைத்ததிலிருந்து உலகமே அந்த வழியில் போகிறது.

இயந்திரம் எதைச் செய்கிறது என்று பார்ப்போம். பலகையின் விளிம்பில் கிடைமட்டமாக 8 மில்லிமீட்டர் துளை போடும். அதற்குள் அளவாகப் பசை பீய்ச்சும். அதிர்ந்துகொண்டே இருக்கும் கிண்ணத்திலிருந்து வரிசையில் வரும் குச்சியைக் காற்றழுத்தத்தால் உள்ளே செலுத்தும். வெளியே நீண்டு நிற்கும் மீதி, அடுத்த பலகையின் பரப்பில் போட்ட துளைக்குள் போகும். 18 மில்லிமீட்டர் பலகையென்றால் 8 × 30 குச்சிக்குப் பரப்பில் 12, விளிம்பில் 20 என்பது பொது வழக்கம். இரண்டு ஆழமும் சேர்ந்து குச்சியைவிட ஓரிரு மில்லிமீட்டர் கூட இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே சிக்கிய பசைக்குப் போக இடமிருக்காது; மூட்டு மூடாது, அல்லது வெளிப்பரப்பில் புடைப்பு விழும்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பட்டறைகள் முதலில் வாங்குவது நெஸ்டிங் சி.என்.சி. முழுப் பலகையைப் படுக்க வைத்து அறுத்து, பரப்பில் துளையும் போட்டுத் தரும். கதவுக் கீலின் 35 மில்லிமீட்டர் குழி, தட்டு நிறுத்தும் 5 மில்லிமீட்டர் துளைகள், அவற்றின் 32 மில்லிமீட்டர் இடைவெளி எல்லாம் கணக்காக வரும். (32 என்ற அந்த எண்ணுக்குக் காரணம், பழைய ஜெர்மன் துளை இயந்திரத்தில் பற்சக்கரங்களை அதற்கு மேல் நெருக்க முடியாமல் போனதுதான் என்பார்கள்.) ஆனால் விளிம்பில் துளை போட அதனால் முடியாது. இலட்சக்கணக்கில் கொட்டிவிட்டு விளிம்புத் துளைக்குக் கைத் துரப்பணத்தை எடுக்கிறார்கள், பிறகு வேலை முடிக்கத் திருகாணியில் இறங்கிவிடுகிறார்கள். ஆறு பக்கமும் துளையிடும் சீன இயந்திரங்கள் இந்த இடைவெளியை நிரப்பத்தான் சந்தைக்கு வந்தன. இவற்றில் பெரும்பாலானவை குச்சியைச் செருகுவதில்லை, துளை மட்டுமே.

பலகையின் தடிமனும் சோதிக்கும். 18 என்று விற்கும் பிளைவுட் 17 ஆகவும் இருக்கும், அதற்கும் குறையும். கிடைமட்டத் துளை ஒரு பரப்பிலிருந்து அளந்து போடப்படுவதால், வெளியே தெரியும் பரப்பை எப்போதும் ஒரே பக்கம் வைத்தே போட வேண்டும். அப்போது வித்தியாசம் உள்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும், வெளி மூலை நேராக வரும். இதை ஆளுக்கு ஆள் மாற்றிச் செய்தால் எவ்வளவு விலை கொடுத்த இயந்திரமும் வீண்.

ஈரம் இன்னொரு எதிரி, ஜொகூரில் சற்றுக் கூடுதலாகவே. டோவல் குச்சியை நன்றாக உலர்த்தி அழுத்தி, நெடுக வரி போட்டுத் தருகிறார்கள். பசையின் தண்ணீரைக் குடித்து உள்ளேயே வீங்கி இறுக வேண்டும் என்பதுதான் அதன் சூட்சுமம். நவம்பர் தொடங்கி மழை பிடித்த நாட்களில் பையைத் திறந்து போட்டால் குச்சி வெளியிலேயே வீங்கிவிடும். துளைக்குள் போக மறுக்கும், கிண்ணத்திலும் சிக்கும். காற்றழுத்தக் குழாயிலும் தண்ணீர் சேரும், எனவே கம்ப்ரஸரோடு உலர்த்தியும் வேண்டும். சமையலறைக்குப் பசை ஈரம் தாங்கும் டி3 தரமாக இருக்கட்டும். சாதாரண வெள்ளைப் பசை தொட்டிக்கடியில் தோற்றுப்போகும். கரையானும் ஈரமும் தொல்லை என்று அலுமினியக் கேபினட்டுக்குத் தாவும் வாடிக்கையாளர்கள் பெருகியிருப்பதில் நம் பட்டறைகளின் பசைக்கும் பங்குண்டு என்பது என் சந்தேகம்.

டோவல் இயந்திரம் மட்டும் போதாது. பெட்டியைச் சேர்த்தவுடன் நாலு பக்கமும் சமமாக அழுத்திப் பிடிக்கும் அழுத்தச் சட்டம் இல்லாவிட்டால் குச்சி செருகிய பலனே இல்லை. இடம் குறைந்த பட்டறையில் அதுதான் பெரிய தலைவலி. இயந்திரத்தைவிட அதிக இடத்தை அடைக்கும். மாதத்தில் சில வீடுகள் மட்டும் செய்து, ஒவ்வொன்றும் வேறு அளவாக இருக்குமானால் எளிய துளை இயந்திரமும் கையால் தட்டும் குச்சியும் போதும் என்பேன். பசை பீய்ச்சும் இயந்திரம் தினமும் ஓடினால்தான் நல்லது. நாலு நாள் சும்மா நின்றால் பீய்ச்சும் மூக்கு அடைத்துக்கொள்ளும். தினமும் மாலையில் கழுவிவிட ஒருவரை நிரந்தரமாக நியமிக்கவும் வேண்டும்.

விலை பேசப் போகும்போது கண்காட்சிக்கூடத்தில் ஓடும் இயந்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். உங்கள் சரக்கிலிருந்தே தடிமன் மாறும் பிளைவுட் துண்டுகளையும் திறந்து வைத்த குச்சிப் பையையும் எடுத்துப் போங்கள். அதில் ஒரு பெட்டி செய்து காட்டச் சொல்லுங்கள். பசையை உள்ளே விட்டு வார இறுதி முழுக்க நிறுத்தியிருந்த இயந்திரத்தை, திங்கட்கிழமை காலை உங்கள் கண்ணெதிரில் ஓட்டிக் காட்டவும் சொல்லுங்கள். மூவாரிலோ ஸ்கூடாயிலோ அதற்கு ஒப்புக்கொள்ளும் விற்பனையாளர் கிடைத்தால் அவரிடம் உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். விலைப் பேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும்.