‘தாய் தின்ற மண்ணே’: கையறுநிலை மரபும் ஒரு மிகுபுனைவுத் திரைப்பாடலும்

ஆய்வுச் சுருக்கம்

செல்வராகவன் இயக்கி 2010 சனவரி 14 அன்று வெளிவந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ திரைப்படத்திற்காக வைரமுத்து எழுதிய ‘தாய் தின்ற மண்ணே’ என்னும் பாடலின் ஆக்கத்தையும் ஏற்பையும் இக்கட்டுரை விளக்குகிறது. இறந்த மன்னனுக்காக எஞ்சியோர் புலம்பும் கையறுநிலைத் துறையை இப்பாடல் தலைகீழாக்கி, இழந்த நிலத்திற்காக உயிரோடுள்ள மன்னன் புலம்புவதாக அமைத்துள்ளது. பாடல் காட்டும் சோழநிலம் மருதத்திணை மரபிலிருந்து உருவான இலக்கிய நிலம். சோழரின் இறுதித் தலைநகர் இருந்த மீன்சுருட்டி வட்டாரத்தின் நிலத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். திரைக்கதையைக் கடந்து இப்பாடல் நிலைபெற்றமைக்கு அந்த நிலத்தின் இலக்கியத் தன்மையே அடிப்படை என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கையறுநிலை, தடுமாறு தொழிற்பெயர், பரணி, மருதம், மிகுபுனைவு, ஏற்புக் கோட்பாடு, கங்கைகொண்டசோழபுரம்

1. முன்னுரை

நடப்பியலுக்கு அப்பாற்பட்ட உலகொன்றைப் படைத்து, அவ்வுலகிற்கே உரிய நியதிகளோடு கதை சொல்லும் வகை மிகுபுனைவு எனப்படும். இவ்வகைத் திரைப்படத்தில் பாடலாசிரியரின் பணி சற்றுக் கடினமானது. இல்லாத ஓர் உலகத்து மாந்தரின் துயரத்தை, திரையரங்கில் அமர்ந்திருக்கும் இக்காலத்தவர் தம் துயரமாக உணருமாறு அவர் எழுதவேண்டும்.

1965இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த படத்தின் பெயரையே தாங்கினாலும், செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ அதனினும் முற்றிலும் வேறான கதை. பாண்டியரால் வீழ்த்தப்பட்ட சோழர் தம் குலக்கொழுந்தை மறைவிடம் ஒன்றிற்கு அனுப்பிவிடுகின்றனர். அம்மறைவிடத்தில் அவர்களின் வழிவந்தோர் பல நூற்றாண்டுகள் பசியோடும் இருளோடும் வாழ்ந்து, தாயகத்திலிருந்து தூதுவர் ஒருவர் வருவார் எனக் காத்திருக்கின்றனர். தூதுவராக வருபவளோ பாண்டியர் வழியினள். அவள்முன் சோழ மன்னன் வெளிப்படுத்தும் ஆற்றாமையே இப்பாடல்.

செல்வராகவனின் முந்தைய படங்களோடு இணைந்திருந்த யுவன் சங்கர் ராஜா இப்படத்திலிருந்து விலகியபின், ஜி.வி. பிரகாஷ் குமார் இசைப்பொறுப்பை ஏற்றார். பாடல்கள் 2009இல் வெளியிடப்பட்டன. பெரும்பாலான பாடல்களை இயக்குநரே எழுத, பழஞ்சோழர் உலகைச் சார்ந்த ‘தாய் தின்ற மண்ணே’, ‘பெம்மானே’ ஆகிய இரண்டும் வைரமுத்துவால் எழுதப்பட்டன. இப்பங்கீடு கருதத்தக்கது. இக்கால மாந்தர் பாடும் பாடல்கள் பேச்சுமொழியிலும், மறைந்த சோழரின் பாடல்கள் மரபுமொழியிலும் அமைந்ததால் படத்தின் இரண்டு உலகங்களும் மொழியாலேயே பிரிக்கப்பட்டன.

‘தாய் தின்ற மண்ணே’ இரு வடிவங்களில் ஒலிப்பதிவாயிற்று. ஒன்றை விஜய் யேசுதாஸ், நித்யஸ்ரீ மகாதேவன், ஸ்ரீகிருஷ்ணா ஆகியோர் இணைந்து பாடினர். செவ்வியல் வடிவம் எனப் பெயரிடப்பட்ட மற்றொன்றை விஜய் யேசுதாஸ் தனித்துப் பாடினார்.

2. தலைப்புத்தொடரின் இருபொருள்

பாடலின் முதற்றொடரே இலக்கணச் சிக்கல் ஒன்றைத் தன்னுள் கொண்டுள்ளது. ‘தாய் தின்ற மண்’ என்பதைத் தாயைத் தின்ற மண் எனவும், தாயால் தின்னப்பட்ட மண் எனவும் விரிக்கலாம். தொல்காப்பிய வேற்றுமை மயங்கியலில் இத்தகைய தொடர்கள் தடுமாறு தொழிற்பெயர் என்னும் கருத்தின்கீழ் ஆராயப்படுகின்றன. புலியைக் கொன்ற யானை என்றும் புலியால் கொல்லப்பட்ட யானை என்றும் பொருள்படும் ‘புலிகொல் யானை’ என்பது உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. வினையைச் செய்தது எது, வினைக்கு உட்பட்டது எது என்பது தொடரால் விளங்காது; சூழலால்தான் விளங்கும்.

இங்கோ சூழல் இரண்டு பொருளுக்கும் இடந்தருகிறது. முன்னோரைப் புதைத்துச் செரித்த மண் என்பது முதற்பொருள். இப்பொருளில் மண் இடுகாடாகிறது. இரண்டாம் பொருளுக்குச் சங்கச் சான்று உண்டு. புறநானூற்று 20ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார், சேரன் இரும்பொறையின் நாட்டு மண்ணைக் கருவுற்ற மகளிர் மசக்கையால் உண்பதுண்டு. பகைவரால் அதைக் கைக்கொள்ள இயலாது என்னும் கருத்தைப் பாடுகிறார். மசக்கையில் தாய் உண்ட மண் பிள்ளையின் உடலாகிறது. இப்பொருளில் மண் கருவறையோடு உறவுடையது.

மண்ணை விளித்துக் கதறும் மன்னன் ஒரே தொடரில் இரண்டையும் சொல்கிறான். அம்மண் அவன் முன்னோரை விழுங்கியது. அவன் உடலாகவும் ஆகியிருக்கிறது. விளக்கவுரை ஏதும் இன்றி மூன்று சொற்களில் இவ்விரண்டையும் நிறுத்தியதே இப்பாடலின் முதல் வெற்றி.

3. கையறுநிலையின் தலைகீழாக்கம்

தொல்காப்பியம் கையறுநிலையைக் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக வைக்கிறது. இறந்தோரை எண்ணி எஞ்சியோர் புலம்புவது அதன் இயல்பு. புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்களில் பெரும்பாலும் புலவர் பாடுவர். மன்னனோ தலைவனோ இறந்திருப்பான். நாடு எஞ்சி நிற்கும். 242ஆம் பாடலில் தலைவன் மாய்ந்த நாட்டில் முல்லை பூத்திருப்பதே புலவரின் துயருக்குக் காரணமாகிறது. ஆள் போய்விட, நிலம் மட்டும் மாறாமல் இருப்பதன் கொடுமை அது.

‘தாய் தின்ற மண்ணே’ இவ்வமைப்பை மாற்றிப்போடுகிறது. இங்கு மன்னன் உயிரோடிருக்கிறான், நாடு இல்லை. பாடுபவன் புலவன் அல்லன். மன்னனே தனக்கும் தன் குடிக்கும் கையறுநிலை பாடிக்கொள்கிறான். இதற்கு நெருங்கிய முன்மாதிரி 112ஆம் பாடலாகும். அதில் பாரி மகளிர் தந்தையையும் குன்றையும் ஒருசேர இழந்தவர்களாகப் பாடுகின்றனர். ஆயினும் அவர்கள் தம் குன்றைக் கண்டவர்கள். இப்பாடலின் மன்னனோ தான் ஒருநாளும் காணாத நிலத்தை நினைந்து அழுகிறான். நினைவே இல்லாத ஒன்றிற்காகப் புலம்புவது கையறுநிலை மரபிற்குப் புதிது. மிகுபுனைவு தந்த கதைச்சூழலாலேயே இது இயன்றது.

காணாத நிலத்தை எவ்வாறு பாடுவது? பாடலாசிரியர் புலன்களின் வழி பாடுகிறார். முதலில் நிலம், அவை, களம், சிலை ஆகிய நான்கும் எங்கே என்ற வினாக்கள் அடுக்கப்படுகின்றன. பின்னர்க் கண், மூக்கு, செவி, நா என ஒவ்வொரு புலனும் தனக்குரிய பொருளைத் தேடி அழிகிறது. கண் கயல் துள்ளும் வயலையும், மூக்கு காவிரிக்கரை மலரையும், செவி சிற்பியின் உளியோசையையும், நா ஊன்சோற்றின் சுவையையும் தேடுகின்றன. ஐம்புலன்களுள் எஞ்சிய மெய் இந்நிரலில் இல்லை. பாடல் பின்பகுதியில் தாய்மண்ணை அடைந்தால் அதில் உடல் புரள்வதாக மன்னன் கனவு காண்கிறான். ஊறு என்னும் புலனின்பம் திரும்புதலுக்கென ஒதுக்கி வைக்கப்பட்டதுபோல் இவ்வமைப்பு உள்ளது.

4. உண்ணல் வினையும் பரணியும்

தலைப்பில் தொடங்கும் ‘தின்’ என்னும் வினை பாடல் முழுதும் ஊடுருவி நிற்கிறது. புலிக்கொடிக்குரிய குடியினர் இழிந்த ஊனை உண்ணும் நிலைக்கு வந்ததை மன்னன் நொந்துகொள்கிறான். வந்திருப்பவள் கிளியினமா, கழுகினமா என ஐயுறுகிறான். அவ்விரு பறவைகளையும் அவை எதை உண்கின்றன என்பதைக் கொண்டே வேறுபடுத்துகிறான். திரைக்கதையில் அவள் பகைவர் வழியினள் என்பதால் அவ்வையம் பார்வையாளருக்கு முன்கூட்டிய உண்மையாகிறது.

பசியை அரசியற் பொருளாக்கிய சோழர்கால இலக்கியம் கலிங்கத்துப்பரணி. கங்கைகொண்டசோழபுரத்திலிருந்து ஆண்ட முதற்குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைச் செயங்கொண்டார் பாடினார். அதில் பசித்திருப்பவை பேய்கள். பேய் முறைப்பாட்டில் அவை காளியிடம் தம் பசியைச் சொல்லி அழுகின்றன. சோழரின் வெற்றி அவற்றிற்குக் கூழாகிறது. பரணியில் சோழன் பசியைத் தீர்ப்பவன், போர்க்களம் விருந்துக்களம். ‘தாய் தின்ற மண்ணே’ பாடலில் முறையிடுவோர் சோழரே. பேய்களின் இடத்தில் அவர்களே நிற்கின்றனர், தீர்ப்பவர் யாருமில்லை. வெற்றி இலக்கியத்தின் கருப்பொருளை எடுத்துத் தோல்வியின் வாயில் வைத்ததால் இப்பாடல் பரணிக்கும் எதிர்வடிவமாகிறது.

5. பாடலின் நிலமும் மீன்சுருட்டியின் நிலமும்

விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், அரியலூர் மாவட்ட உடையார்பாளையம் வட்டத்தில் உள்ளது மீன்சுருட்டி. அதனை அடுத்திருப்பது கங்கைகொண்டசோழபுரம். முதலாம் இராசேந்திரன் காலம் தொடங்கி ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழரின் தலைநகர் இதுவே. மாறவர்மன் சுந்தரபாண்டியனின் மெய்க்கீர்த்தி அவன் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டியதைப் பேசுகிறது. மூன்றாம் இராசேந்திரனோடு 1279இல் சோழராட்சி முடிவுற்றது. ஆகவே வரலாற்றின்படி இறுதிச் சோழர் நீங்கிய மண் இவ்வட்டாரத்து மண்ணாகும்.

அம்மண் எத்தகையது? கொள்ளிடத்திற்கு வடக்கே அமைந்த செம்மண் மேட்டுநிலம். இன்று முந்திரி விளையும் நிலம். காவிரி வளம் இயல்பாகப் பாயாத இடம் என்பதால்தான் இராசேந்திரன் சோழகங்கம் என்னும் ஏரியை வெட்டுவித்தான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதனை நீராலான வெற்றித்தூணாகப் போற்றுகிறது. இன்று மக்கள் அதைப் பொன்னேரி என்பர்.

பாடலில் வரும் கயல், வயல், காவிரி மலர் ஆகியவை இம்மேட்டுநிலத்தின் இயற்கையைக் காட்டவில்லை. அவை சங்கப்பாடல் முதல் மூவருலா வரை சோழநாட்டிற்கு அடைமொழியாக வந்த மருதத்தின் கருப்பொருள்கள். திரைக்கதையும் தாயகமாகத் தஞ்சையையே காட்டுகிறது. இதனைப் பிழை என்று கொள்வதற்கில்லை. தலைமுறைகளாக நாடு காணாதவர்களுக்கு நாட்டைப் பற்றி எஞ்சியிருக்கக்கூடியது பாட்டு ஒன்றே. பாட்டில் உள்ள நாடு மருதமாகத்தான் இருக்கும்.

ஆயினும் உண்மை நிலத்தின் இழப்பும் இங்கே கண்முன் உள்ளது. மாளிகைமேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகள் அரண்மனையின் செங்கற்சுவர் எச்சங்களை வெளிப்படுத்தின. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தபோது கோயிலின் மதிலும் கோபுரமும் பெயர்க்கப்பட்டு அவற்றின் கற்கள் பயன்படுத்தப்பட்டதை 19ஆம் நூற்றாண்டுப் பதிவு வருத்தத்தோடு குறிக்கிறது. உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம் ஆகிய ஊர்ப்பெயர்கள் நகரத்தின் உறுப்புகளை நினைவூட்டுகின்றன. பாடல் எழுப்பும் ‘எங்கே’ என்ற வினாவிற்கு இவ்வட்டாரத்தில் விடை உண்டு. அரண்மனை மேடாயிற்று, கல் அணையாயிற்று, கோட்டை ஊர்ப்பெயராயிற்று. மண் தின்றதும் மாந்தர் எடுத்துக்கொண்டதும் ஒருங்கே நிகழ்ந்தன.

6. ஏற்பின் வரலாறு

படைப்பின் பொருள் அதை எதிர்கொள்வோரின் எதிர்பார்ப்பு எல்லையால் மாறிக்கொண்டே வரும் என்பது செருமானிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் முன்வைத்த ஏற்புக் கோட்பாட்டின் சாரம். இப்பாடலின் ஏற்பை மூன்று நிலைகளில் காணலாம்.

முதல் நிலை படம் வெளிவந்த காலம். 2010ஆம் ஆண்டுப் பொங்கல் வெளியீடாக வந்த படம் கலவையான வரவேற்பையே பெற்றது. பிற்பகுதியின் பழந்தமிழ் உரையாடல் பலருக்கு விளங்காததாகத் தோன்றியது. பாடலின் மொழியும் அத்தகையதே. ஆயின் உரையாடலில் தடையாக நின்ற மொழி, பாடலில் இசையின் துணையால் தடையாகவில்லை.

இரண்டாம் நிலை ஈழப்போரின் பின்னணியில் அமைந்த ஏற்பு. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. பாடல்களும் படமும் அதை அடுத்த மாதங்களில் மக்களைச் சென்றடைந்தன. படத்தின் இறுதிப்பகுதியைப் பலரும் அந்நிகழ்வோடு இணைத்துப் பார்த்தனர். பாடலிலேயே இதற்கு அகச்சான்று உண்டு. முற்பகுதியில் சோழர் என்னும் குடிப்பெயர் வருகிறது. இறுதிப்பகுதியில் அதனிடத்தில் தமிழர் என்னும் இனப்பெயர் வந்து நிற்கிறது. அங்கே மன்னன் கோள், நாள், வாள், யாழ் ஆகியவற்றை விளித்து அழவேண்டாம் எனத் தேற்றுகிறான். 242ஆம் புறப்பாடலில் துயரத்திற்குத் துணைவராத முல்லை கடியப்படுகிறது. இங்கோ துணைநின்று அழும் பொருள்கள் ஆற்றுவிக்கப்படுகின்றன. பாடலாசிரியரின் உள்நோக்கத்தை இதைக்கொண்டு நிறுவுதல் பொருந்தாது. ஒரு சொல் மாற்றம் கேட்போருக்குக் கதவைத் திறந்து வைத்தது என்று கூறுவது பொருந்தும்.

மூன்றாம் நிலை மீட்டெடுப்பு. காலப்போக்கில் படம் மதிப்பு உயர்ந்து, 2021 திசம்பர் 31 அன்று திரையரங்குகளில் மீண்டும் வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டு ‘பொன்னியின் செல்வன்’ வெளிவந்தது. அதில் இளங்கோ கிருஷ்ணன் எழுதிய ‘பொன்னி நதி’ காவிரி நாட்டை நோக்கிப் பயணப்படும் வீரனின் களிப்பைப் பாடுகிறது. ஒரே நிலம் ஒரு பாடலில் எதிரே விரிகிறது. மற்றொன்றில் திரும்ப இயலாத தொலைவில் இருக்கிறது. பெருமிதம், இழப்பு ஆகிய இவ்விரு பாடுமுறைகளும் சோழரை நினைவுகூரும் இக்காலத் தமிழ் மனத்தின் இரு கூறுகளாகும்.

7. நிறைவுரை

‘தாய் தின்ற மண்ணே’ தலைப்புத்தொடரில் தடுமாறு தொழிற்பெயரின் இருபொருளையும், அமைப்பில் கையறுநிலையின் தலைகீழாக்கத்தையும், கருப்பொருளில் பரணியின் எதிர்வடிவையும் கொண்டுள்ளது. மரபு அறியாத கேட்போரையும் அது தொட்டதற்குக் காரணம், இழந்த நிலத்தை வரைபடத்தில் குறிக்காமல் புலன்களில் குறித்தமையே. மீன்சுருட்டியை அடுத்த செம்மண் மேட்டிலிருந்து நோக்கினால் பாடலின் மருதநிலம் எங்கும் இல்லாத நிலமாகத் தோன்றும். எங்கும் இல்லாததால்தான் தம் ஊரை இழந்த எவரும் அதில் தம் ஊரை வைத்துக் கேட்க முடிந்தது. திரைப்பாடல்களைப் புறத்திணை மரபோடும் அவை குறிக்கும் நிலத்தின் தொல்லியலோடும் இணைத்து ஆராய்வதற்கு இப்பாடல் தக்க தொடக்கமாகும்.