வெயிட்டும் வால்வும் ஒரு பில்லும்

கல்யாணக் காலத்தில் திருநெல்வேலி டவுன் ரதவீதிகளில் நடந்தால், பாத்திரக் கடைகளில் பேர் வெட்டும் மிஷினின் சத்தம் ஓயாமல் கேட்கும். குடம், தூக்குச்சட்டி, குத்துவிளக்கு, குக்கர் என்று எதை வாங்கினாலும் கொடுப்பவரின் பேரை அதில் வெட்டிவிடுவார்கள். கல்லிடைக்குறிச்சியில் என் சித்தி வீட்டுக் குக்கரில், அதைச் சீராகக் கொடுத்த மாமாவின் பேர் இருபது வருஷத்துக்குப் பிறகும் தெளிவாக இருக்கிறது. அதை வாங்கிய பில்தான் யாரிடமும் இல்லை. அந்தப் பில் ஏன் வேண்டும் என்பதைச் சொல்ல, குக்கருக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடேறாது, ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். ஆவி வெளியேற வழியில்லாமல் மூடினால் உள்ளே அழுத்தம் ஏறும், கொதிநிலையும் கூடவே ஏறும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கூடினால் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கிறது. ஒரு மணி நேரம் வேகாத பழைய துவரம்பருப்பு கால் மணியில் குழைவது இதனால்தான்.

இந்த அழுத்தத்தை அளந்து வைப்பது நாம் விசில் என்று சொல்லும் அந்த வெயிட். ஆவிக்குழாயின் துளை மூன்று மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் எழுபது கிராம் இரும்பு உட்கார்ந்திருந்தால் போதும். ஆவி அந்த எழுபது கிராமைத் தூக்கும் பலம் பெற்றதும் வெயிட் எழும்பும், ஆவி சீறும், அழுத்தம் இறங்கியதும் வெயிட் மறுபடி உட்காரும்.

அதே அழுத்தம்தான் மூடியையும் தள்ளுகிறது. இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் விசில் வரும் நேரத்தில் மூடியை வெளியே தள்ளும் விசை முந்நூறு கிலோவுக்கு மேல். 75 கிலோ மூட்டையில் நான்கு மூட்டை அம்பை 16 அரிசியைத் தூக்கும் பலம் அது. நம் வீட்டுப் பெண்கள் தினமும் காலையில் இவ்வளவு பலத்துக்கு அருகில் நின்றுதான் தேங்காய் துருவுகிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்.

பிரெஞ்சுக்காரர் டெனி பாப்பன் 1679-இல் எலும்பையும் வேகவைக்கும் கலத்தை உருவாக்கினார். அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் வால்வையும் அதற்காக யோசித்தார். நம் குக்கரின் சேஃப்டி வால்வு அந்த யோசனையின் வாரிசு. பல குக்கர்களில் இது குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவை வைத்து அடைத்த சிறு திருகு. தண்ணீர் வற்றினாலோ, ஆவிக்குழாய் அடைத்துச் சூடு அளவு கடந்தாலோ, அடைப்பு உருகி வழி விடும்.

சித்தி வீட்டில் ஒருநாள் பருப்புத்தோல் ஆவிக்குழாயை அடைத்துக்கொண்டது. வால்வு திறந்து, பருப்பு முழுக்கக் கூரையில் போய் ஒட்டியது. யாருக்கும் அடியில்லை. "வால்வு போயிட்டுது அண்ணாச்சி" என்று சித்தி ரிப்பேர் கடையில் வருத்தப்பட்டபோது கடைக்காரர் சொன்னார்: "போகலைக்கா, ஒங்களைக் காப்பாத்திட்டுல்லா போயிருக்கு." பேர் போடாத பாக்கெட்டில் வந்த மலிவு வால்வைக் காட்டி, இதை நான் யாருக்கும் மாட்டமாட்டேன் என்றும் சொன்னார். அந்தக் குக்கரைச் செய்த கம்பெனியின் வால்வையே வரவழைத்துப் போட்டார்.

வீட்டில் வரும் அடைப்பை ஒரு குச்சியால் குத்தி எடுத்துவிடலாம். தொழிற்சாலையிலேயே வால்வின் கலவை தவறாகப் போயிருந்தால்? மூடியின் தகடு மெலிந்திருந்தால்? ஒரே தொகுப்பில் செய்த ஆயிரம் குக்கரிலும் அதே குறை இருக்கும். எந்த வீட்டிலும் அது கண்ணுக்குத் தெரியாது. செய்தவரோ விற்றவரோ அரசோ, வாங்கிய ஒவ்வொருவரையும் தேடிச் சொல்லிப் பொருளைத் திரும்பப் பெறுவது ஒன்றே வழி.

இந்தியாவில் இதற்கு வலுவான சட்டம் வந்தது அண்மையில்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 20-ஆம் பிரிவு, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும், கொடுத்த விலையை வாங்கியவருக்குத் திருப்பித் தரவும் உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தருகிறது. வீட்டுக் குக்கர்கள் ஐ.எஸ். 2347 என்ற தரத்துக்கு உட்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும் என்ற ஆணை 2021 பிப்ரவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் பிறகும் முத்திரையில்லாக் குக்கர்கள் இணையக் கடைகளில் விற்பனையானதை ஆணையம் விசாரித்தது. 2022 ஆகஸ்டில், அமேசான் வழியாக விற்ற 2,265 குக்கர்களையும், ஃபிளிப்கார்ட் வழியாக விற்ற 598 குக்கர்களையும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரவும், தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் கட்டவும் உத்தரவிட்டது. இரு நிறுவனங்களும் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள் என்று நீதிமன்றமும் சொன்னது.

தகவல் யாருக்குப் போகும் என்பதில்தான் எனக்குக் கவலை. சென்னையிலோ துபாயிலோ இருக்கும் மகன் ஆர்டர் போடுகிறான், குக்கர் அம்பாசமுத்திரத்தில் அம்மாவிடம் வந்து இறங்குகிறது. எச்சரிக்கை வந்தால் மகனின் மின்னஞ்சலுக்கு வரும். தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவில் அது கிடக்கும். சீர்க் குக்கர் என்றால் அதுவும் இல்லை, கடைக்காரருக்கு மணப்பெண்ணின் முகவரி தெரியாது. வாங்கியவர் ஒருவர், அடுப்பின் முன் நிற்பவர் வேறொருவர். நம் ஊர்ப் பழக்கத்தில் இந்த இடைவெளி எங்கும் இருக்கிறது. அதை மூடும் வேலை நம்முடையது.

ஆகவே குக்கரைப் பரிசாகக் கொடுப்பவர்கள் பில்லையும் சேர்த்துக் கொடுங்கள். விலை தெரிந்துவிடுமே என்ற கூச்சம் இதில் வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால், உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். முத்திரை மட்டும் இருந்து எண் இல்லையென்றால் அந்தக் குக்கரை வாங்காதீர்கள்.

திரும்பப் பெறும் அறிவிப்பு வந்துவிட்டால், இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு தடவை அடுப்பில் ஏற்றக்கூடாது. பழைய பாத்திரத்துக்குப் புதுசு என்று வருகிறவரிடமும் போடக்கூடாது, வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தூக்கிக் கொடுக்கவும் கூடாது. அப்படிச் செய்தால் அந்த ஆபத்து தெரு தாண்டி இன்னொரு சமையலறைக்குப் போகும், அவ்வளவுதான். உரிம எண்ணையும் பில்லையும் படமெடுத்து, விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. காயமோ சேதமோ ஏற்பட்டிருந்தால், திருநெல்வேலியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

சித்திக்குப் போன தைப்பொங்கலுக்கு நான் ஒரு புதுக் குக்கர் அனுப்பினேன். இதை எழுதத் தொடங்கிய அன்று போன் போட்டு, முத்திரையின் கீழே உள்ள எண்ணை வாசிக்கச் சொன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். செயலியில் பேர் பொருந்தி வந்தது. பில்லைப் பிரின்ட் எடுத்துத் தபாலில் அனுப்பினேன். ரேஷன் கார்டும் கேஸ் புத்தகமும் இருக்கும் தகர டப்பாவில் அதை வைத்திருக்கிறாள். மாமா கொடுத்த குக்கர் இப்போது மூடியில்லாமல், அரிசிப் பானைக்குத் துணையாகப் பரணில் இருக்கிறது.