ஒற்றை சிலிண்டரின் குதிர்

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். லால்குடிப் பக்கம் அவர்கள் குடும்பம் நடத்திய ரைஸ் மில் மூடி வெகுகாலம் ஆகிறதாம். ஹல்லர் போயிற்று, பெல்ட் போயிற்று. பழைய ஆயில் எஞ்சின் மட்டும், காயலான்கடைக்காரர் தூக்க முடியாமல் விட்டுப்போன ஒரே காரணத்தால், கொட்டகையில் நிற்கிறது. அதை ஒருமுறை ஓட்டிப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. கூடவே இரண்டு சந்தேகங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் இந்த மாதிரி எஞ்சின்கள் ‘டப்’ என்று ஒருமுறை வெடித்துவிட்டு ஏழெட்டுச் சுற்று சும்மாவே சுற்றுகின்றனவே, அது கோளாறா? அடுத்தது, உறவுக்காரப் பையன் ஒருவன், “இவ்வளவு பெரிய சக்கரத்தில் ஒரு டைனமோவை மாட்டிவிட்டால் டீசலே இல்லாமல் வீட்டுக்குக் கரண்ட் எடுக்கலாம் தாத்தா” என்கிறானாம். முடியுமா?

முடியாது. பையனைக் குறை சொல்லவும் முடியாது. எரிபொருள் இல்லாமல் மின்சாரம் தயாரித்த இளைஞர் என்று சில மாதங்களுக்கு ஒருமுறை எங்காவது செய்தி வருகிறது. படத்தில் தவறாமல் ஒரு கனத்த சக்கரம் இருக்கும், மாலை போட்ட பிரமுகர் இருப்பார். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று காட்டும் மீட்டர் மட்டும் இருக்காது. ஆனால் அந்தச் சக்கரம் உண்மையில் என்ன செய்கிறது என்பது இந்தப் புளுகைவிடப் பல மடங்கு சுவாரசியமானது. முதல் சந்தேகத்துக்கும் பதில் அதற்குள்ளேதான் இருக்கிறது.

நான்கு வீச்சுகளையும் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள்: உறிஞ்சல், அமுக்கம், வெடிப்பு, வெளியேற்றம். பாடப்புத்தகம் படம் போட்டதோடு சரி. நான்கில் ஒன்றுதான் சம்பாதிக்கிறது, மற்ற மூன்றும் செலவு என்பதை அழுத்திச் சொல்வதில்லை. நான்கு சிலிண்டர் காரில் இது தெரியாது; எந்த நேரத்திலும் ஏதோ ஒரு சிலிண்டர் சம்பாதித்துக்கொண்டே இருக்கும். மில் எஞ்சினில் இருப்பதோ ஒரே சிலிண்டர். அச்சு இரண்டு முறை சுற்றினால் ஒரே ஒரு வெடிப்பு. மிச்ச நேரமெல்லாம் யார் இழுப்பது? அந்தக் கனத்த சக்கரம், ஃபிளைவீல்தான்.

கணக்குக்காக நடுத்தரமான ஒரு மில் எஞ்சினை வைத்துக்கொள்வோம். 10 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 240 சுற்று. அப்படியானால் நொடிக்கு இரண்டு வெடிப்பு. ஒவ்வொன்றும் சுமார் 3,700 ஜூல் வேலையைத் தர வேண்டும். ஃபிளைவீலின் விளிம்பு 300 கிலோ, ஆரம் முக்கால் மீட்டர் என்று கொள்ளுங்கள். ஓட்டத்தில் அந்த விளிம்பு மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அதில் தேங்கியிருக்கும் ஆற்றல் 53,000 ஜூலுக்குச் சற்று மேல், அதாவது பதினான்கு வெடிப்புகளின் வருமானம் எப்போதும் சக்கரத்தில் இருப்பாக இருக்கிறது. வெடிப்பு இல்லாத மூன்று வீச்சுகளில் ஹல்லர் இதிலிருந்து 2,800 ஜூல் எடுத்துக்கொள்ளும். அதனால் 240 சுற்று 234 அளவுக்கு இறங்கும்; அமுக்க வீச்சு தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் இறக்கும். அடுத்த வெடிப்பு வந்ததும் பழையபடி ஏறிவிடும். மில்லில் நின்றவர்கள் காதால் கேட்ட அந்தத் தாளம் இந்த ஏற்ற இறக்கம்தான்.

பழைய டெல்டா வீட்டில் நெல் கொட்டி வைக்கும் குதிர் ஒன்றை நினைத்துக்கொண்டால் இது எளிதில் பிடிபடும். ஒரு போகச் சம்பா. தை மாதம் நெல் வருகிறது, ஆண்டு முழுக்க வீடு சாப்பிடுகிறது. அறுவடைதான் வெடிப்பு, குதிர்தான் ஃபிளைவீல். இதில் பலரும் மறந்துவிடுவது விதைநெல். அடுத்த அறுவடைக்கு முன்னால் குதிரிலிருந்தே நெல்லை எடுத்துச் சேற்றில் போட வேண்டியிருக்கிறது; அமுக்க வீச்சு கேட்பதும் அதைத்தான். குதிர் காலியான வீட்டில் நாற்று விட முடியாது, சக்கரம் ஓய்ந்த எஞ்சினில் அமுக்கம் தாண்டாது. திடீரென்று மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர் வந்து இறங்கினால் வீடு அசராது, ஹல்லரில் ஒரு கூடை நெல்லைக் கூடுதலாகக் கொட்டினாலும் எஞ்சின் அசராது. உராய்வு, காற்றுத் தடை இவற்றை எலி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் இழுத்தால் உவமை கிழியும் என்று தெரிந்தே இழுக்கிறேன்: இந்தக் குதிரில் பதினான்கு அறுவடை நெல் கிடந்தாலும் மேலாக ஒன்றிரண்டு மரக்கால்தான் தொடலாம். அதற்குக் கீழே கை வைத்தால் வேகம் சரிந்து பெல்ட் வழுக்கி மில்லே நின்றுவிடும். அவ்வளவு கஞ்சத்தனமான பாட்டி எந்த வீட்டிலும் இருந்திருக்க மாட்டாள்.

கையால் ஸ்டார்ட் செய்யும் முறையிலும் இதே கணக்குதான். நேராக ஹாண்டிலைப் போட்டு அமுக்கத்தைத் தாண்டப் பார்த்தால் பயில்வானாலும் முடியாது. அதனால் முதலில் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வால்வைத் திறந்து வைப்பார்கள். சிலிண்டரில் காற்று தாராளமாகப் போய் வரும், அமுக்கம் இராது. ஹாண்டிலைச் சுற்றச் சுற்ற, மனிதக் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த ஆற்றல் சக்கரத்தில் சேரும். வேகம் போதும் என்று கை சொல்லும்போது லீவரை விட வேண்டும். கையால் ஒரே மூச்சில் செய்ய முடியாத வேலையைச் சக்கரம் ஒரே மூச்சில் செய்துவிடும். பெரிய எஞ்சின்களுக்கு இதுவும் போதாது. அவற்றுக்கு அழுத்தக் காற்று வேண்டும்.

இப்போது அந்த வீடியோ எஞ்சின். அது கோளாறு அல்ல. அமெரிக்கப் பண்ணைகளில் ஒரு காலத்தில் ஓடிய பெட்ரோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களின் வேகக் கட்டுப்பாடு அது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த ஏற்பாடும் இதுதான். அதில் உள்ளிழுக்கும் வால்வைத் திறக்கக் கேம் கிடையாது. மெல்லிய ஸ்பிரிங் ஒன்று அதை மூடி வைத்திருக்கும். பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலே அதைத் திறந்துகொள்ளும். வெளியேற்ற வால்வுக்கு மட்டும் தள்ளுகோல் உண்டு. சக்கரம் குறித்த வேகத்தைத் தாண்டினால், அதில் மாட்டிய இரண்டு குண்டுகள் வெளியே விரிந்து ஒரு கொக்கியைத் தள்ளும். கொக்கி தள்ளுகோலைப் பிடித்துக்கொண்டு வெளியேற்ற வால்வைத் திறந்தபடியே நிறுத்தும். அவ்வளவுதான், ஒரே ஒரு கொக்கி. விளைவு மூன்று. வால்வு திறந்திருப்பதால் பிஸ்டன் புகைக் குழாய் வழியாகவே சுவாசிக்கிறது. உறிஞ்சல் இல்லை, ஆகவே உள்வால்வு திறக்காது, ஆகவே எரிபொருள் வராது. அமுக்கமும் இல்லை, ஆகவே சக்கரத்தின் இருப்பு வீணாகக் கரையாது. வேகம் குறைந்ததும் கொக்கி விடும், ஒரு ‘டப்’, மறுபடி ஓய்வு. கம்ப்யூட்டரும் சென்சாரும் சேர்ந்து சிலிண்டர்களை ஓய்வெடுக்க வைப்பதைக் கார் கம்பெனிகள் புத்தம்புதிய விந்தை என்று விளம்பரம் செய்யும்போது எனக்கு இந்தக் கொக்கி ஞாபகம் வரும்.

வாசகரின் எஞ்சினில் இது இராது. ஆயில் எஞ்சின்கள் வேறு வழி பார்த்தன: பழைய வெப்பக் குமிழ் எஞ்சின்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் மிச்ச எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும், டீசலில் பம்பு தரும் அளவே குறையும்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1876ல் ஜெர்மானியப் பொறியாளர் ஆட்டோ நான்கு வீச்சு எஞ்சினை ஓட்டிக் காட்டினார். ஊதுவிளக்கால் சூடேற்றிக் கிளப்பும் வெப்பக் குமிழ் எஞ்சினை அக்ராய்ட் ஸ்டூவர்ட் வடிவமைத்தார். இங்கிலாந்தின் கிராந்தமில் ஹார்ன்ஸ்பி கம்பெனி 1890களில் அதைச் செய்து விற்றது. பொறியாளர் டீசல் 1897ல் காட்டிய எஞ்சினும் ஒற்றை சிலிண்டர்தான், 20 குதிரைத்திறன். 1888ல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்த ஆல்பிரட் சாட்டர்டன், கிணற்றில் மாடு பூட்டி இறைக்கும் கவலைக்குப் பதில் ஆயில் எஞ்சின் பம்பு வைத்தால் கட்டுப்படியாகுமா என்று சர்க்கார் சார்பில் மாகாணத்தில் செய்து பார்த்தார். தொழில் நடத்துவது சர்க்காரின் வேலையல்ல என்று 1910ல் லண்டனிலிருந்து இந்தியாவுக்கான மந்திரி மார்லி பிரபு இத்தகைய சர்க்கார் முயற்சிகளுக்குத் தடை போட்டார். இங்கிலாந்தில் டர்ஸ்லி ஊரின் லிஸ்டர் கம்பெனி 1929ல் கொண்டுவந்த எஞ்சினைப் பார்த்து ராஜ்கோட்டில் நகல் செய்து தள்ளினார்கள். பைக்காரா, மேட்டூர் மின்சாரம் ஊர் ஊராகப் பரவ, மில்களுக்கு மோட்டார் வந்தது. போதும்.

எஞ்சினைப் போற்றுவதில் திருச்சிக்கு ஒரு பாரபட்சம் உண்டு. பொன்மலைப் பணிமனை நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினையே புதிதாகக் கட்டிக் கொடுத்தது. 2014ல் ரயில் அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. ரைஸ் மில் எஞ்சினை யாரும் சீண்டுவதில்லை. ரயில் எஞ்சினில் ஃபிளைவீலைத் தேடினால் கிடைக்காது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். நீராவி பிஸ்டனின் இரு பக்கமும் தள்ளும். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற நான்கு தள்ளு. மில் எஞ்சினுக்கோ ஒரு சுற்றுக்கு அரை வெடிப்பு. எட்டு மடங்கு வித்தியாசம். போதாததற்கு, பின்னால் வரும் பெட்டிகளின் எடையே இருப்பாகிவிடுகிறது.

பிரிட்டனில் ஆர்வலர்கள் இத்தகைய எஞ்சின்களை மைதானத்தில் வரிசையாக வைத்து, ஒரு பீப்பாயிலிருந்து இன்னொரு பீப்பாய்க்கும் திரும்ப முதல் பீப்பாய்க்கும் நாள் முழுக்கத் தண்ணீர் இறைக்கிறார்கள். அமெரிக்கர்கள் எஞ்சினைக் கொண்டு ஐஸ்கிரீம் கடைகிறார்கள், இது பரவாயில்லை. சும்மா ஓட்டுவதைவிட ஏதாவது ஒரு சுமை கொடுத்து ஓட்டினால்தான் சக்கரம் கடன் கொடுத்து வாங்குவது கண்ணுக்குத் தெரியும்.

சரி, பையனின் டைனமோ. நாம் கணக்குப் போட்ட சக்கரத்தின் மொத்த இருப்பான 53,000 ஜூலையும் துளி மிச்சமில்லாமல் மின்சாரமாக்கினால், 60 வாட் மின்விசிறி ஒன்று கால் மணி நேரம் ஓடும். 300 கிலோ இரும்புக்கு அவ்வளவுதான். ஒரு யூனிட் வேண்டுமென்றால் இப்படி 68 சக்கரம் வேண்டும். அவற்றைச் சுழற்றிவிட முதலில் ஒரு யூனிட்டுக்கு மேல் செலவழிக்கவும் வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் ஸ்டீபன்டவுனில் 200 சக்கரங்களை வைத்து 2011ல் ஒரு நிலையமே அமைத்தார்கள். 20 மெகாவாட், அதுவும் கால் மணி நேரத்துக்குத்தான். மின் வலையின் குலுக்கலைச் சமன் செய்வதுதான் அதன் வேலை, மின்சாரம் உண்டாக்குவது அல்ல. அதைக் கட்டிய பீக்கன் பவர் கம்பெனி அதே ஆண்டில் திவால் மனு போட்டது.

இருப்பைக் கூட்ட வேகத்தைக் கூட்டலாமே என்று பையன் கேட்பான். கேட்க வேண்டியதுதான், வேகம் இரட்டித்தால் இருப்பு நான்கு மடங்கு. ஆனால் விளிம்பைப் பிய்க்கும் இழுவிசையும் நான்கு மடங்கு. இன்னும் தடிமனாக வார்த்துக்கொண்டால் தாங்கும் என்று தோன்றும், தாங்காது. தடிமன் கூடும் அளவுக்குப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும் எடையும் கூடிவிடுகிறது. ஆக, சதுர மில்லிமீட்டருக்கு விழும் இழுவிசையைத் தீர்மானிப்பது விளிம்பின் வேகம் மட்டுமே. வார்ப்பிரும்புச் சக்கரத்தின் விளிம்பு நிமிடத்துக்கு ஒரு மைலைத் தாண்டக் கூடாது என்று பழைய பொறியாளர்கள் வைத்த கட்டு இங்கிருந்து வந்ததுதான். அது மணிக்கு 97 கிலோமீட்டர். நம் கணக்குச் சக்கரம் 340 சுற்றில் அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். பல வருடம் ஈரக் கொட்டகையில் நின்ற சக்கரத்துக்குக் கோடு இன்னும் கீழே.

ஆகவே ஐயா, தாராளமாக ஓட்டிக் காட்டுங்கள், டைனமோ இல்லாமல். முதலில் சக்கரத்தின் ஆரக்கால்களையும் விளிம்பையும் சிறு சுத்தியால் தட்டிக் கேளுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. எங்காவது மொத்தென்று கேட்டால் விரிசல், ஓட்ட வேண்டாம். கவர்னர் துருப்பிடித்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் ஹாண்டிலைத் தொடாதீர்கள். குழந்தைகளை அச்சின் முனைப் பக்கம், தள்ளி நிறுத்துங்கள். சக்கரம் சுற்றும் தளத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, பையனும்தான்.