மங்கலதேவி கண்ணகி கோயில் விழா: இரு மாவட்டங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு நாள்

மங்கலதேவி கண்ணகி கோயில், தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே, தமிழ்நாடு – கேரள எல்லையில் உள்ள மலைமுகட்டில் அமைந்த பழமையான கற்கோயில். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், பெரியார் புலிகள் காப்பகக் காட்டுக்குள் இது இருக்கிறது. ஆண்டில் ஒரு நாள், சித்திரை முழுநிலவு அன்று மட்டும் இங்கு பொதுமக்கள் வழிபட அனுமதிக்கப்படுகின்றனர். அந்த நாளுக்கான ஏற்பாடுகளைத் தமிழ்நாட்டின் தேனி மாவட்ட நிர்வாகமும் கேரளத்தின் இடுக்கி மாவட்ட நிர்வாகமும் கூட்டாகச் செய்கின்றன. நிலம் யாருக்குச் சொந்தம் என்பதில் இரு மாநிலங்களுக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. அப்படியிருந்தும் விழா நடக்கிறது என்பதுதான் இதன் சிறப்பு.

கோயிலின் பின்னணி

சிலப்பதிகாரக் கதைப்படி, மதுரையை எரித்த கண்ணகி வைகைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து மலையேறி, ஒரு வேங்கை மரத்தின் கீழ் நின்று, 14 நாட்களுக்குப் பின் கோவலனுடன் விண்ணுலகம் சென்றாள். அதைக் கண்ட மலைக்குறவர் சேரன் செங்குட்டுவனிடம் சொல்ல, அவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து கோயில் எடுத்தான். இலங்கை மன்னன் கயவாகுவும் அவ்விழாவுக்கு வந்ததாகக் காப்பியம் கூறுகிறது. அந்தக் கோயில் இதுவே என 1960-களில் தமிழறிஞர் சி. கோவிந்தராசனார் கள ஆய்வு செய்து முன்வைத்தார். வைகையும் அதன் துணையாறுகளும் தோன்றும் மலைத்தொடரில் இக்கோயில் இருப்பதும், பளியர் முதலிய மலைவாழ் மக்கள் இங்கு வழிபட்டு வருவதும் அவருடைய கருத்துக்கு வலுச் சேர்த்தன. வேறு இடங்களைச் சுட்டும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் கம்பம், கூடலூர் மக்களுக்கு இது ஆய்வுக்குரிய கேள்வியாக இருந்ததே இல்லை. மேலே இருப்பது கண்ணகி, கீழே இருப்பது அவள் நடந்து வந்த வழி.

கோயிலின் பெரும்பகுதி இன்று சிதைந்து கிடக்கிறது. கற்சுவர்களும் தமிழ்க் கல்வெட்டுகளும் எஞ்சியிருக்கின்றன.

எல்லைச் சிக்கல்

1956-ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்துடன் சென்றன. அதன்பின் மலைமுகட்டில் எல்லைக் கோடு எங்கே ஓடுகிறது என்பது பல இடங்களில் கேள்விக்குள்ளானது. கோயில் தங்கள் எல்லைக்குள் இருப்பதாக இரு மாநிலங்களும் சொல்கின்றன. கோயிலுக்கு வண்டி செல்லும் பாதையோ கேரளத்தின் குமுளியிலிருந்து, கேரள வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள காட்டின் வழியே செல்கிறது. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கூடலூரை அடுத்த லோயர்கேம்ப் அருகே பளியன்குடியில் தொடங்கும் நடைபாதை உள்ளது. 6 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்தப் பாதை செங்குத்தான ஏற்றம். கோயிலுக்கு உரிமை கோரும் தமிழ்நாட்டிலிருந்து வண்டியில் செல்ல வழியில்லை. வண்டிப் பாதை உள்ள கேரளத்திலோ அது புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. ஆகவே ஒரு தரப்பு மட்டும் நினைத்தால் விழாவை நடத்த முடியாது.

முன்பு விழா பல நாட்கள் நடந்ததாகக் கம்பம் பகுதியின் மூத்தவர்கள் சொல்வதுண்டு. எல்லைத் தகராறும் வனச் சட்டங்களும் சேர்ந்து அதை ஒரு நாளாகச் சுருக்கிவிட்டன.

ஒரு நாள் விழா உருவாகும் விதம்

விழாவுக்குச் சில வாரங்கள் முன்பாக இரு மாவட்ட ஆட்சியர்களின் தலைமையில் கூட்டு ஆலோசனைக் கூட்டம் நடைபெறும். தேக்கடியில் இது நடப்பது வழக்கம். வருவாய், காவல், வனம், சுகாதாரம், மோட்டார் வாகனம், தீயணைப்பு ஆகிய துறைகளின் அலுவலர்கள் இரு பக்கமிருந்தும் வருவார்கள். விழா ஏற்பாடுகளில் ஈடுபடும் கம்பம் பகுதி அறக்கட்டளையினரும் பக்தர் அமைப்பினரும் தங்கள் கோரிக்கைகளை முன்வைப்பார்கள்.

அங்கே பேசப்படுபவை பெரும்பாலும் மிகச் சாதாரணமான விஷயங்கள். எத்தனை மணிக்கு முதல் ஜீப் புறப்படும், எத்தனை மணிக்குப் பின் மேலே செல்ல யாரையும் விடக்கூடாது, குடிநீர்த் தொட்டிகளை எந்தெந்த வளைவில் வைப்பது, ஆம்புலன்ஸ் எங்கே நிற்பது, தற்காலிகக் கழிப்பறைகளை யார் அமைப்பது, உணவு ஏற்றிய டிராக்டர்கள் எப்போது மலையேறுவது என்று கூட்டம் நீளும். குமுளியிலிருந்து செல்லும் ஜீப்புகளை இரு மாநிலப் போக்குவரத்து அலுவலர்களும் சோதித்து, தகுதியுள்ளவற்றுக்கே அனுமதி தருகிறார்கள். கட்டணமும் முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுகிறது. இருசக்கர வாகனங்களுக்கு இடமில்லை. பிளாஸ்டிக் பைகளும் பாட்டில்களும், மதுவும், அசைவ உணவும் காட்டுக்குள் தடை செய்யப்படுகின்றன.

இந்தப் பட்டியல் சலிப்பூட்டலாம். ஆனால் கூட்டு முயற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எல்லை யாருடையது என்ற கேள்வியை அந்த மேசையில் யாராவது எழுப்பினால் கூட்டம் அன்றே முடிந்துவிடும். தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசினால் உடன்பாடு எட்டும். தங்கள் உரிமையை விட்டுக்கொடுக்காமலே இரு தரப்பும் அடுத்த நாளைக்கான வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வழிபாட்டிலும் இதே முறைதான்: தமிழகப் பூசாரிகளும் கேரளப் பூசாரிகளும் ஒரே வளாகத்தில் தனித்தனியே பூசை செய்கின்றனர்.

விழாவுக்கு முன்னோடியாகப் பளியன்குடியில் பச்சை மூங்கிலில் கொடியேற்றுவது மரபு. அந்த ஊரில் வாழும் பளியர்கள் காட்டின் தடங்களை நன்கு அறிந்தவர்கள். விழா நாளில் விடியும் முன்பே அந்த நடைபாதையில் கூட்டம் ஏறத் தொடங்கிவிடும். குழந்தையைத் தோளில் வைத்து ஏறும் தந்தையரையும், கம்பு ஊன்றி ஏறும் வயதானவர்களையும் அங்கு காணலாம். சன்னதியில் பெண்களுக்கு வளையலும் மஞ்சள் கயிறும் வழங்கப்படும்.

பள்ளத்தாக்கும் மலையும்

இந்த ஒத்துழைப்பு வெறும் பக்தியால் மட்டும் நிற்கவில்லை. கம்பம் பள்ளத்தாக்கும் இடுக்கி மலையும் ஒன்றின்றி மற்றொன்று வாழ முடியாத நிலையில் உள்ளன. கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி பகுதிகளிலிருந்து ஏலத் தோட்டத் தொழிலாளர்கள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலைக்குச் சென்று மாலையில் திரும்புகிறார்கள். மலையில் விளையும் ஏலக்காய் இடுக்கியின் புற்றடியிலும் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலும் ஏலம் விடப்படுகிறது. பள்ளத்தாக்கின் காய்கறியும் அரிசியும் திராட்சையும் எதிர்த்திசையில் மலையேறுகின்றன.

தண்ணீரும் மலையிலிருந்துதான் வருகிறது. 1895-இல் நிறைவடைந்த முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்து லோயர்கேம்ப் பக்கம் இறங்கி, பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களுக்குப் பாய்ந்து, வைகை வழியே மதுரைக்கும் அப்பாலும் செல்கிறது. அணை கேரள நிலத்தில் இருக்கிறது. 1886-ஆம் ஆண்டின் 999 ஆண்டுக் குத்தகைப்படி அதை இயக்குவது தமிழ்நாடு.

2011 டிசம்பரில் அணையின் பாதுகாப்பு குறித்த சர்ச்சை முற்றியபோது இந்தப் பிணைப்பு எவ்வளவு ஆழமானது என்பது தெரிந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பல்லாயிரம் பேர் குமுளியை நோக்கித் திரண்டனர். எல்லைப் பாதைகள் அடைபட்டன. தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் அச்சத்தோடு ஊர் திரும்பினர். பள்ளத்தாக்கில் கடை வைத்திருந்த மலையாளிகளும் பாதிக்கப்பட்டனர். பறிக்க ஆளின்றி ஏலக்காய் காட்டில் நின்றது, வாங்க ஆளின்றிக் காய்கறி சந்தையில் தேங்கியது. கூலி இழந்தவர்களில் பெரும்பாலோர் அணையைப் பற்றி எந்த முடிவும் எடுக்கும் இடத்தில் இல்லாதவர்கள். 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் எனத் தீர்ப்பளித்து, மேற்பார்வைக்கு மூவர் குழுவை அமைக்கச் சொன்னது. வழக்கு நீதிமன்றத்தில் முடிந்தாலும், ஜீப் மீண்டும் ஓடுவதற்கு ஓட்டுநரும் தோட்டக்காரரும் தொழிலாளியும் ஒருவரையொருவர் மறுபடி நம்ப வேண்டியிருந்தது. அதை எந்தத் தீர்ப்பாலும் வழங்க முடியாது.

கச்சத்தீவு

இதற்கு நெருங்கிய ஒப்புமை கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழா. 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் தீவு இலங்கையின் எல்லைக்குள் வந்தாலும், இந்தியப் பக்தர்கள் பயண ஆவணமோ விசாவோ இன்றி அங்கு செல்லலாம் என்று எழுதப்பட்டது. ஆண்டுதோறும் இராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகுகள் செல்கின்றன. மீன்பிடிச் சிக்கல் தீராத கடலில், அந்தத் திருவிழா இரு கரை மீனவரும் நேருக்கு நேர் சந்திக்கும் வாய்ப்பாக இருக்கிறது. வேறுபாடும் கவனிக்கத்தக்கது: கச்சத்தீவில் உரிமை எழுத்தில் உள்ளது, மங்கலதேவியில் ஒவ்வோர் ஆண்டும் பேசிப் பெற வேண்டியிருக்கிறது.

தீராத குறைகள்

பளியன்குடிப் பாதையைச் சீரமைத்து வண்டி செல்லும்படி செய்ய வேண்டும், விழா நாட்களைக் கூட்ட வேண்டும், சிதைந்த கோயிலைப் புதுப்பிக்க வேண்டும் என்பவை கம்பம் பகுதியில் நெடுநாளாக எழும் கோரிக்கைகள். இவற்றில் நியாயம் இருக்கிறது. மறுபுறம், யானையும் புலியும் நடமாடும் காட்டில் சாலையும் கூட்டமும் பெருகினால் என்ன ஆகும் என்ற வனத்துறையின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. கோயிலைப் புதுப்பிப்பதுதான் எல்லாவற்றிலும் அவசரமானது. ஆண்டுதோறும் பெய்யும் மழைக்கு எல்லைத் தகராறு தெரியாது. ஆனால் அதற்கு நில உரிமைக் கேள்வியைத் தொட்டாக வேண்டும் என்பதால், கூட்டு ஆலோசனைகள் அந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. ஒரு நாளுக்காக உருவான ஏற்பாட்டின் எல்லையும் அதுவே.

கொரோனா பெருந்தொற்றால் 2020, 2021 ஆண்டுகளில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. 2022-இல் பாதை மீண்டும் திறந்தது.

விழா நாளில் பிற்பகலுக்குப் பின் மேலே ஏற யாருக்கும் அனுமதி இல்லை. மாலை நெருங்கும்போது இரு மாநிலக் காவலர்களும் வனக் காவலர்களும் கடைசியாக இறங்குபவர்களின் பின்னாலேயே நடந்து வருகிறார்கள். இருட்டுவதற்குள் காட்டில் ஒருவரும் தங்கவில்லை என்று உறுதி செய்த பிறகு, குமுளிப் பக்கம் பாதை மூடப்படுகிறது.